பதினோராம் எண் கூண்டு

சென்னையிலிருந்து தெற்கே தனுஷ்கோடி வரை கடலை ஒட்டியும் சில இடங்களில் சற்று விலகியும் செல்லும் பாதை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளமுடையது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கியிருக்கும்போது இப்பாதையில் பயணம் செய்பவர், வழியெங்கும் மக்கள் காலத்தைக் கணக்கிடும் முறை ஒன்றைக் காதால் கேட்கலாம். 'தானே அடித்த வருஷம்', 'சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு', 'கஜாவுக்கு முன்னால் இருந்த தோப்பு' என்று இக்கரையில் வீடும் மரமும் திருமணமும் புயலின் பெயராலேயே நினைவில் நிற்கின்றன. இவ்வளவு நினைவுகளைச் சுமக்கும் கரை, அடுத்த புயலுக்கு எவ்வாறு ஆயத்தமாகிறது என்பதையும், மின்சாரமும் கைபேசியும் ஒருசேர அடங்கிப்போகும் வேளையில் ஒரு வீட்டின் குரல் அடுத்த ஊரை எப்படி எட்டும் என்பதையும் இப்பாதையின் ஊர்களைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பயணம் தொடங்கும் சென்னைக்கு இப்பொருளில் நெடிய உரிமை உண்டு. இந்தியாவில் அரசு வானொலி தோன்றுவதற்கு முன்பே, 1924ஆம் ஆண்டு மே மாதத்தில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் நிறுவப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பையும் தொடங்கியது. பணமுடையால் மூன்றாண்டுகளில் அது நின்றுபோனாலும், அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்து, 1930இல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலி அப்பணியை ஏற்றுக்கொண்டது. ஊதியம் கருதாமல், ஆர்வத்தினால் கருவிகளை அமைத்துக் காற்றுவெளியில் பேசிப் பழகிய தனிமனிதர்களிடமிருந்தே தமிழகத்தின் வானொலி பிறந்தது. இன்று 'ஹாம் ரேடியோ' என்று வழங்கப்படும் அமெச்சூர் வானொலி அந்த மரபின் தொடர்ச்சியாகும்.

ஒலிபரப்பு நிலையம் ஒன்று பேச, ஆயிரம் பேர் கேட்பது வானொலியில் ஒரு வகை. உரிமம் பெற்ற இருவர் தத்தம் வீட்டிலிருந்தே ஒருவரோடொருவர் மாறி மாறிப் பேசுவது அமெச்சூர் வானொலி. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறிய, 12 வயது நிரம்பிய எவரும் இவ்வுரிமத்தைப் பெறலாம். மின்னணுவியலின் அடிப்படைகளும் வானொலி விதிகளும் அத்தேர்வின் பாடங்கள். பொதுநிலை உரிமத்துக்குக் கூடுதலாக, புள்ளியும் கோடுமாக எழுத்துகளை ஒலிக்கும் மோர்ஸ் குறியீட்டிலும் தேர்ச்சி வேண்டும். உரிமம் பெற்றவருக்கு ஓர் 'அழைப்புக்குறி' வழங்கப்படுகிறது. பொதுநிலையினருக்கு அது பெரும்பாலும் வி.யு.2 என்றும், வரையறுக்கப்பட்ட நிலையினருக்கு வி.யு.3 என்றும் தொடங்கும். காற்றுவெளியில் ஒருவருக்கு அடையாளமாக நிற்பது இக்குறியே. இச்சேவையைக் கொண்டு பணம் ஈட்டுவதற்கு அனுமதி இல்லை.

சென்னையின் அண்மைக்கால வரலாறு இச்சேவையின் தேவையை நன்கு உணர்த்துகிறது. 2015 டிசம்பர் 1ஆம் நாளையொட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் அடையாறு கரைபுரண்டதும், அடுத்த ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் நகரத்தின் மரங்களைச் சாய்த்ததும் பலரும் அறிந்தவை. அந்நாட்களில் நகர மக்கள் புதிதாக அறிந்துகொண்டது கைபேசியின் பலவீனத்தையே. கைபேசி தனித்து நிற்கும் கருவி அன்று. அருகிலுள்ள கோபுரம், கோபுரத்துக்கான மின்சாரம், அது நின்றால் மின்கலம், மின்கலம் தீர்ந்தால் டீசல் இயந்திரம், கோபுரத்தை இணைப்பகத்தோடு சேர்க்கும் கண்ணாடி இழை வடம் என்னும் நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி அது. இடையில் எந்தக் கண்ணி அற்றாலும் கையிலிருக்கும் கருவி ஊமையாகிவிடுகிறது. கோபுரம் எஞ்சி நின்றாலும், நகரமே ஒரே நேரத்தில் உறவினரை அழைக்கும்போது அதனால் ஈடுகொடுக்க இயல்வதில்லை. இரு அமெச்சூர் நிலையங்களுக்கு இடையே இத்தகைய சங்கிலி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு கருவிகள், இரண்டு மின்கலங்கள், இரண்டு கம்பிகள், நடுவே வெறும் வானம் என்பதே அதன் அமைப்பு.

மாமல்லபுரம், கல்பாக்கம் கடந்து, மரக்காணத்து உப்பளங்களின் வெண்மையை இடப்புறமாகப் பார்த்தபடி செல்லும் சாலை புதுச்சேரியை அடைகிறது. நகருக்குத் தெற்கே கடலூர்ப் பாதைக்கு அருகில் உள்ள மீனவர் ஊர்களான வீராம்பட்டினமும் நல்லவாடும், எச்சரிக்கை என்பதன் இலக்கணத்தையே கற்பிக்கும் ஊர்கள். 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இப்பகுதியின் ஊர்களில் கிராமத் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்து மையத்தில் அன்றன்றைய அலை உயரக் கணிப்பைப் பெற்று, கடலுக்குப் புறப்படும் மீனவர்களுக்கு ஒலிபெருக்கி வழியாக அறிவிக்கும் வழக்கம் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில், சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் கண்ட செய்தியைத் தொலைபேசியில் வீட்டாருக்குச் சொல்ல, அச்செய்தி ஊராரை எட்டி, தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கையாக முழங்கியது. வீடுகளும் படகுகளும் சிதைந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர்.

இந்நிகழ்ச்சியைத் தொலைபேசியின் வெற்றியாகக் காண்போர் உண்டு. கூர்ந்து நோக்கினால், ஒலிபெருக்கி இருந்த இடத்தை ஊரார் அறிந்திருந்ததும், அதை இயக்கத் தெரிந்தவர் இருந்ததும், அதன் குரலை நம்பி வீட்டை விட்டு ஓடும் பழக்கம் மக்களிடம் வேரூன்றியிருந்ததுமே அவ்வெற்றியின் அடிப்படை என்பது புலப்படும். அன்றாடம் பயன்பட்ட கருவிதான் ஆபத்திலும் பயன்பட்டது. பெட்டியில் பூட்டி, புயலன்று திறக்கலாம் என்று வைக்கப்படும் எந்தக் கருவிக்கும் இந்த நம்பகத்தன்மை வாய்ப்பதில்லை. வாரந்தோறும் குறித்த நேரத்தில் குறித்த அலைவரிசையில் கூடி, ஒருவர் அழைக்க மற்றவர்கள் வரிசையாகப் பதில் தரும் வழக்கத்தை அமெச்சூர் வானொலியினர் கைவிடாமல் காத்துவருவதன் பொருளும் இதுவே. இக்கூடுகையை அவர்கள் 'நெட்', அதாவது வலை, என்பர். மீனவர் ஊரில் வலை பழுதுபார்க்கும் காட்சியைக் கண்டவருக்கு அச்சொல் எளிதில் விளங்கும். கண்ணி அறுந்திருப்பதைக் கரையிலேயே கண்டுபிடித்து முடிபவரே கடலில் மீன் பிடிக்கிறார்.

கடலூர்த் துறைமுகத்தில், கண்ணால் காணும் பழைய எச்சரிக்கை முறை இன்றும் வழக்கில் உள்ளது. கொடிமரத்தில் கூம்பும் உருளையுமான வடிவங்களைப் பகலிலும், சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளை இரவிலும் ஏற்றிக் கடலோடிகளுக்கு வானிலையைக் குறிப்பால் உணர்த்துவதே அம்முறை. செய்தித்தாள்கள் 'புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று எழுதுவது இதனையே. முதலிரண்டு எண்கள் தொலைவில் உருவாகியிருக்கும் புயலைக் குறிக்கும். மூன்றும் நான்கும் துறைமுகத்தையே நோக்கிய எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். வரிசை அத்துடன் முடிவதில்லை. பதினோராம் எண் கூண்டு ஒன்று இருக்கிறது. அது காற்றின் வேகத்தையோ புயல் கடக்கும் திசையையோ குறிப்பதன்று. வானிலை மையத்துடனான தகவல்தொடர்பு அற்றுப்போனது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். கடலையும் காற்றையும் நன்கறிந்தோர் வகுத்த இவ்வரிசையில், பேரபாயத்துக்கும் அடுத்த படியாகச் செய்தி அறுந்த நிலை வைக்கப்பட்டிருப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

துறைமுகத்தில் ஏற்றப்படும் இக்கூண்டு ஒவ்வொரு வீட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஏற்றப்படும் நாளும் வரக்கூடும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபின், மின்கம்பங்கள் வயல்களில் கிடக்க, நாட்கணக்கில் இருளில் இருந்த ஊர்கள் இப்பகுதியில் பல. அத்தகைய நாட்களுக்கான ஆயத்தம் செலவு மிக்கதன்று. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிப்பதற்கு மட்டும் 3 லிட்டர் என்று கணக்கிட்டு மூன்று நாளுக்கான நீரை மூடிய குடங்களில் பிடித்து வைத்தல். அடுப்பு மூட்டாமலே பசியாற உதவும் அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு ஆகியவற்றைக் காற்றுப்புகா டப்பாவில் அடைத்தல். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், தொடர்ந்து உண்ணும் மருந்துகளின் சீட்டு ஆகியவற்றை நீர்புகா உறையில் இட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் ஆகியவை அதன் முதற்படிகள். வயிற்றுப்போக்கு பரவும் வெள்ளக் காலத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்தால் உயிர்காக்கும் கரைசல் ஆகும் என்பதை வீட்டில் ஒருவரேனும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

பொருள்களைச் சேர்ப்போர் பலரும் செய்தியைச் சேர்க்க மறந்துவிடுகின்றனர். கைபேசிக்குள் இருக்கும் எண்கள் அதன் மின்கலம் தீர்ந்ததும் மறைந்துவிடுவதால், உறவினர் எண்களையும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 ஆகிய எண்களையும் தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுவது நல்லது. பிரிய நேர்ந்தால் எங்கே கூடுவது என்பதைக் குடும்பம் முன்கூட்டியே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். பாதிப்புக்கு அப்பாலுள்ள வெளியூர் உறவினர் ஒருவரை எல்லோரும் தொடர்புகொள்ளும் மையமாக வைத்துக்கொள்வதும் பயன்தரும். பேட்டரியில் இயங்கும் சிறிய டிரான்சிஸ்டர் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கத்தக்கது. சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸ் ஆகிய மத்திய அலை ஒலிபரப்புகள் நெடுந்தூரம் எட்டக்கூடியவை. கேட்பதற்கு உரிமமோ தேர்வோ தேவையில்லை. பேசும் கருவியை எல்லோரும் வைத்திருப்பது இயலாதாயினும், கேட்கும் கருவியை எல்லோரும் வைத்திருக்க இயலும்.

கொள்ளிடத்தைத் தாண்டி, தரங்கம்பாடியின் டேனிஷ் கோட்டையையும் காரைக்காலையும் நாகூரின் மனோராக்களையும் கடந்தால் நாகப்பட்டினம். 2004ஆம் ஆண்டுச் சுனாமியில் தமிழகம் இழந்த உயிர்களில் பெரும்பகுதி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை, இம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு, அலை தமிழகக் கரையை அடைய அதற்குமேல் இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் இக்கரை தன் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குரிய வேலைகளில் இருந்தது. மீன் விற்கப்பட்டது, பிள்ளைகள் மணலில் விளையாடினர், வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் கடற்கரையில் இருந்தனர். ஆபத்து வந்துகொண்டிருந்தது, அதன் செய்தி வந்துகொண்டிருக்கவில்லை. ஐதராபாத்தில் 2007இல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியதன் பின்னணியில் இந்த இரண்டு மணி நேரம் இருக்கிறது.

சுனாமி தாக்கிய அந்நாளில் வங்காள விரிகுடாவின் மறுபுறத்தில், போர்ட் பிளேயர் நகரில், அமெச்சூர் வானொலியின் வரலாற்றில் நிலைத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அந்தமான் தீவுகளில் அமெச்சூர் ஒலிபரப்புக்கு நெடுங்காலம் அனுமதி இல்லாதிருந்து, பல ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அரிய அனுமதியைக் கொண்டு, தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தம் குழுவினருடன் அம்மாதம் அங்கே நிலையம் அமைத்திருந்தார். உலகெங்கும் உள்ள வானொலி ஆர்வலர்களோடு பேசி மகிழ்வதே அப்பயணத்தின் நோக்கம்; அத்தீவுகளுக்கான வி.யு.4 என்னும் அழைப்புக்குறியைக் கேட்க உலகம் காத்திருந்தது. நிலம் அதிர்ந்து தொலைபேசிகள் அடங்கியபின், அந்நிலையமே தீவையும் தலைநிலத்தையும் இணைக்கும் பாலமாயிற்று. இன்னார் நலம் என்னும் சிறுசிறு செய்திகள் அதன் வழியே அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்து, காத்திருந்த வீடுகளைச் சென்றடைந்தன. மகிழ்ச்சிக்காகக் கட்டப்பட்ட கம்பி பின்னர் துயரத்தைத் தாங்கியது. ஓய்வுநேர விருப்பம் என்று எளிதாகக் கருதப்படும் ஒன்று நாட்டின் சேமிப்பாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வேதாரண்யத்தை நோக்கிச் செல்லும் சாலையின் இருபுறமும், தலையிழந்த தென்னைகளுக்கு இடையே வளர்ந்து நிற்கும் இளங்கன்றுகள் 2018ஐ நினைவூட்டுகின்றன. அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வாரக்கணக்கில் ஊர்கள் இருளில் இருந்தன. உயர்ந்த கோபுரமும் உயர்ந்த மரமும் விழுந்துவிட்ட இத்தகைய நிலத்தில், தாழ்வாகக் கட்டிய கம்பி எவ்வாறு பேசும் என்பது விளக்கத்துக்குரியது. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான எளிய ஆன்டெனா, பத்துப் பத்து மீட்டராக இரு துண்டுச் செம்புக்கம்பியை நடுவில் இணைத்து விரித்ததேயாகும். அதை மூங்கிலில் நாலைந்து மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டினால், அதிலிருந்து எழும் அலையின் பெரும்பகுதி ஏறத்தாழ நேர்மேலே சென்று, வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றம் பெற்ற துகள்களால் ஆன அயனி மண்டலத்தில் பட்டு, குடை கவிந்தாற்போல் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் பரப்பில் இறங்குகிறது. நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட நேர்த்தொலைவு சுமார் 260 கிலோமீட்டர். இடையில் ஒரு கோபுரமும் இல்லாமல் அத்தொலைவை இக்கம்பி கடக்கும். கையடக்கக் கருவிகள் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலைகளோ நேர்கோட்டில் செல்வன. நிவாரண முகாமுக்கும் மருத்துவமனைக்கும் இடையே சில கிலோமீட்டர் பேசுவதற்கு அவை ஏற்றவை.

ஆற்றலின் கணக்கும் அறியத்தக்கது. 100 வாட் ஆற்றலுடைய சிற்றலைக் கருவி பேசும்போது ஏறத்தாழ 20 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும்; கேட்டுக்கொண்டிருக்கும்போது 1 ஆம்பியர் அளவே போதும். காரின் 12 வோல்ட் மின்கலம் ஒன்றைக் கொண்டு ஒரு பகல் முழுதும் கேட்கலாம். இடைவிடாது பேசினால் ஓரிரு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். கேட்பது மலிவு, பேசுவது விலை மிக்கது என்னும் இவ்வுண்மையிலிருந்தே பேரிடர் வானொலியின் ஒழுக்கம் முழுவதும் பிறக்கிறது. நெட்டை நடத்தும் நிலையம் ஒன்று இருக்க, மற்றவர்கள் அழைக்கப்பட்டாலன்றிப் பேசுவதில்லை. செய்தியை முதலில் தாளில் எழுதி, யார், எங்கே, எத்தனை பேர், என்ன தேவை, எந்த நேரத்து நிலவரம் என்பனவற்றை மட்டும் நிறுத்தி உரைக்க, மறுமுனையில் இருப்பவர் அதனைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்கிறார். 'நிறையப் பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்' என்னும் செய்தியால் படகு புறப்படுவதில்லை. 'பள்ளியின் மாடியில் 14 பேர், அவர்களில் நடக்க இயலாதவர் இருவர், குடிநீர் இல்லை, காலை 7 மணி நிலவரம்' என்னும் செய்தியால் புறப்படுகிறது. இவ்வொழுக்கத்தைக் கைக்கொள்ள உரிமமும் கருவியும் வேண்டியதில்லை. தொலைபேசியில் 1077ஐ அழைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

முத்துப்பேட்டை, தொண்டி, தேவிப்பட்டினம் வழியாக வளையும் பாதை பாம்பனில் கடலின் மேல் ஏறி, இராமேசுவரம் தீவின் முனையில் தனுஷ்கோடியை அடைகிறது. கூரையில்லாத தேவாலயச் சுவர்களும் ரயில் நிலையத்தின் சிதைவுகளும் மணலில் நிற்கும் அவ்விடத்தில், 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் கடல் ஊரைக் கொண்டுபோயிற்று. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில், நிலையத்தை எட்டும் தறுவாயில் சிக்னல் இயங்காத இருளில் நின்று, பின்னர் மெல்ல முன்னேறியபோது அலையால் விழுங்கப்பட்டது. கம்பிகள் அறுந்துகிடந்தமையால் அவ்விழப்பின் செய்தி உடனே வெளியுலகை எட்டவில்லை. சேதமுற்ற பாம்பன் பாலத்தைப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் மீட்டெடுத்தது பொறியியலின் பெருமையாக இன்றும் போற்றப்படுகிறது. முன்னே என்ன இருக்கிறது என்று ரயிலோட்டிக்குச் சொல்ல அன்றிரவு ஒரு குரல் இருந்திருந்தால் என்னும் எண்ணம், அம்மணலில் நிற்பவரின் நெஞ்சை விட்டு அகல்வதில்லை.

அரிச்சல்முனையில் தார்ச்சாலை கடலுக்கு முன்னால் வட்டமிட்டுத் திரும்புகிறது. திரும்பும் வழியில், பாம்பன் துறைமுகக் கொடிமரம் கண்ணில் படுகிறது. அதில் ஏற்றப்படும் கூண்டுகளுள் பத்து, இயற்கையின் செயலைக் குறிப்பவை. அவற்றைத் தடுக்கும் ஆற்றல் எவருக்கும் இல்லை. பதினோராவது மட்டும் மனிதர்களுக்கு இடையே அறுந்த ஒன்றைக் குறிப்பது. தாளில் எழுதிய எண்களும், அலமாரியிலுள்ள டிரான்சிஸ்டரும், தினந்தோறும் பேசும் ஊர் ஒலிபெருக்கியும், தேர்வெழுதி அழைப்புக்குறி பெற்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியும், அவள் வீட்டுக் கொல்லையில் இரு மூங்கில்களுக்கு இடையே கட்டிய இருபது மீட்டர் கம்பியும், அந்தப் பதினோராம் எண் கூண்டை இறக்கி வைக்கும் கைகள் ஆகும்.